கீழிருந்து எண்ணினால் ஒன்று, மேலிருந்து எண்ணினால் இன்னொன்று: அயனி மண்டலத்தின் எலக்ட்ரான் கணக்கு

உங்க போன்ல மேப் திறந்ததும் ஒரு நீலப்புள்ளி வந்து நிக்குது இல்லையா, அது சில சமயம் ரோட்டை விட்டு விலகிப் பக்கத்துத் தோட்டத்துக்குள்ள போய் நிக்கும். அதுக்குக் காரணம் பல இருக்கு: பக்கத்துக் கட்டிடம், மரம், போனோட சின்ன ஆன்டெனா. ஆனா ஒரு காரணம் நமக்கு மேலே 80 கி.மீ.யில் தொடங்கி ஆயிரம் கி.மீ.க்கும் மேல் பரவிக் கிடக்கு. அதுதான் அயனி மண்டலம். சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றணுக்களை உடைத்து எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. ஜி.பி.எஸ். சிக்னல் அந்த எலக்ட்ரான் கூட்டத்துக்குள் புகுந்து வரும்போது தாமதமாகிறது. நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறோம் என்பதால், தாமதம் அப்படியே தூரப் பிழையாகிவிடுகிறது.

எவ்வளவு தாமதம்? இதுக்கு ஒரே ஒரு சூத்திரம் போதும், மனப்பாடம் பண்ணி வெச்சுக்கலாம். மீட்டரில் பிழை = 40.3 × மொத்த எலக்ட்ரான் அளவு ÷ அதிர்வெண்ணின் வர்க்கம். மொத்த எலக்ட்ரான் அளவு என்பது, சிக்னல் வரும் பாதையைச் சுற்றி ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புள்ள குழாய் ஒன்றைக் கற்பனை செய்து, அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களை எல்லாம் எண்ணினால் வரும் எண். டி.இ.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1-க்குப் பின்னால் 16 பூஜ்யம் போட்டால் ஒரு டி.இ.சி. யூனிட். ஜி.பி.எஸ்.ஸின் எல்-1 அதிர்வெண்ணில், அதாவது 1575.42 மெகா ஹெர்ட்ஸில், ஒரு யூனிட்டுக்கு 16 செ.மீ. பிழை. நம்ம பக்கம் சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் மத்தியானம் 50 யூனிட் என்பது சாதாரணம். நேர் செங்குத்தாக வந்தாலே 8 மீட்டர். சாய்ந்து வந்தால் இன்னும் அதிகம்.

சரி, அந்த 50 என்ற எண்ணை யார் எண்ணியது, எப்படி எண்ணியது? ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஊரின் வானத்துக்குத் தரையில் இருக்கும் ரிசீவர் ஒரு எண் சொல்லும், செயற்கைக்கோள் வேறொரு எண் சொல்லும். எது சரி என்று கேட்பதற்கு முன்னால், இரண்டும் ஒரே பொருளைத்தான் எண்ணினதா என்று கேட்கணும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

தரையிலிருந்து: ஊட்டியில் ஒரு பழைய கதை

நம்ம சத்தியிலிருந்து பார்த்தால் மேற்கே நீலகிரி. ஊட்டியில் ரேடியோ தொலைநோக்கி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட இந்த விஷயத்துக்கு நெருக்கமான ஒன்று அங்கே நடந்திருக்கிறது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1974-இல் அமெரிக்கா ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோளை ஏவியது. 1975-76-இல் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டும் 'சைட்' திட்டத்துக்காக அதைக் கிழக்குத் தீர்க்கரேகை 35 டிகிரிக்கு நகர்த்திக்கொண்டு வந்தார்கள். டி.வி. கதையைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதே கோளில் 40, 140, 360 மெகா ஹெர்ட்ஸ்களில் ஒரு ரேடியோ பீக்கனும் இருந்தது. இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஊட்டியில் அந்த சிக்னலைப் பிடித்து எலக்ட்ரான் எண்ணினார்கள்.

இதில் அழகு என்னவென்றால், ஒரே சிக்னலை வைத்து இரண்டு விதமாக எண்ண முடியும். முதல் வழி, சிக்னலின் அதிர்வுத் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது. ஃபாரடே சுழற்சி. இந்தச் சுழற்சி எலக்ட்ரானையும் பூமியின் காந்தப்புலத்தையும் சேர்த்துப் பெருக்கித் தருவது. உயரம் போகப் போகக் காந்தப்புலம் வலுவிழப்பதால், சுமார் 2000 கி.மீ.க்கு மேல் இருக்கும் எலக்ட்ரான்கள் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட விழுவதே இல்லை. இரண்டாவது வழி, இரண்டு அதிர்வெண்களுக்கு இடையே உள்ள நேரத் தாமதத்தை அளப்பது. இதற்குக் காந்தப்புலம் தேவையில்லை, கோள் வரைக்கும் உள்ள அத்தனை எலக்ட்ரானும் கணக்கில் வரும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், அயனி மண்டலத்துக்கும் மேலே இருக்கும் பிளாஸ்மாஸ்ஃபியரின் பங்கு தனியாகக் கிடைக்கும். இரண்டு அளவும் 'ஒத்துப்போகவில்லை' என்பதே இங்கே பயனுள்ள தகவல்!

ஆனா ஊட்டி மாதிரி இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதனால்தான் 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட்டைத் தும்பாவிலிருந்து விட்டார்கள், திருநெல்வேலியில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் அதுவே காரணம். இங்கே காந்தக்கோடுகள் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக, வடக்கு தெற்காக ஓடும். ஏ.டி.எஸ்.-6 சிக்னலோ மேற்கிலிருந்து சுமார் 40 டிகிரி உயரத்தில் வந்தது. இரண்டும் செங்குத்துக்கு நெருக்கம். சுழற்சி குறைவாகத்தான் இருக்கும், குறைவான ஒன்றை அளக்கும்போது சின்னப் பிழையும் பெருசாகத் தெரியும். ஐரோப்பாவில் சுலபமாக வேலை செய்த முறை நம்ம ஊரில் முரண்டு பிடிக்கும் என்பதற்கு இது முதல் உதாரணம். இன்னும் வரும்.

இன்றைக்கு ஃபாரடே வழி பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஜி.பி.எஸ். எல்-1, எல்-2 என்று இரண்டு அதிர்வெண் தருகிறது. ஒரு யூனிட்டுக்கு எல்-1-இல் 16.2 செ.மீ., எல்-2-இல் 26.7 செ.மீ. தாமதம். வித்தியாசம் 10.5 செ.மீ. இந்த வித்தியாசத்தை அளந்து 10.5-ஆல் வகுத்தால் டி.இ.சி. கையில். நாவிக்கில் எல்-5, எஸ் என்று இரண்டும் நல்ல தள்ளி இருப்பதால் வித்தியாசம் 22.6 செ.மீ. வரை வரும். டி.இ.சி. அளப்பதற்கு மட்டும் என்று பார்த்தால் நாவிக் ஜோடி கைக்கு இன்னும் வாட்டமானது என்பது என் கருத்து. அதுவும் நாவிக் கோள்கள் வானத்தில் பெரிதாக இடம் மாறாதவை. ஒரே திசையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

காலி எடை தெரியாத எடைமேடை

சூத்திரம் சுலபமாக இருக்கு, அப்போ ரிசீவரை வாங்கி ஹாஸ்டல் மொட்டை மாடியில் வெச்சா வேலை முடிஞ்சதா? முடியலைங்க. முதல் கிராஃப் போட்டதும் பல பேருக்கு டி.இ.சி. மைனஸ் 20 என்று வரும். எலக்ட்ரான் எண்ணிக்கை மைனஸில் போகாது.

கரும்பு லாரி எடைமேடையில் ஏறுவதைப் பார்த்திருப்பீங்க. லோடோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வந்து காலி வண்டியாக ஒரு எடை. கழித்தால் கரும்பு. இங்கே ரிசீவரின் ஆன்டெனா, கேபிள், மின்சுற்று எல்லாம் எல்-1-ஐயும் எல்-2-ஐயும் ஒரே அளவு தாமதப்படுத்துவதில்லை. செயற்கைக்கோளுக்குள்ளும் இதே கதை. இந்த உள் வித்தியாசத்தைத்தான் 'பயாஸ்' என்கிறோம். நேரத்தில் ஒரு நானோ நொடி பயாஸ் இருந்தால் 2.85 யூனிட் தப்பாகும். பயாஸ் பத்துக் கணக்கான நானோ நொடிகள் வரை போகலாம். அப்போ வண்டி எடைதான் லோடைவிட அதிகம்!

காலி எடையை எப்படி எடுப்பது? வானம் ஒருபோதும் முழுசாகக் காலியாவதில்லை. ஆனால் விடியலுக்கு முன்னால் அது மிகவும் குறைந்துபோகும். அந்த நேரத்தில் எல்லாக் கோள்களின் திசையிலும் செங்குத்து டி.இ.சி. ஒன்றோடொன்று நெருங்கி வரும்படியான பயாஸ் எதுவோ அதுதான் நம்ம ரிசீவரின் பயாஸ் என்று எடுத்துக்கொள்வது ஒரு வழி. கோள்களின் பயாஸை உலக அளவிலான மையங்கள் கணக்கிட்டு வெளியிடுகின்றன. தரை அளவில் எந்த எண்ணையும் பார்த்தால், 'காலி எடையை எப்படி எடுத்தீங்க?' என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். அதைச் சொல்லாத கிராஃபை நான் நம்ப மாட்டேன்.

நீங்க பார்க்கிறது சத்தி வானமே இல்லை

அடுத்த வில்லங்கம் சாய்வு. கோள் நேர் தலைக்கு மேலே இருப்பது அபூர்வம். சிக்னல் சாய்ந்து வரும்போது எலக்ட்ரான் கூட்டத்துக்குள் அதிக தூரம் நடக்கிறது. திருவிழாக் கூட்டத்தை நேர் குறுக்கே கடப்பதற்கும், மூலைக்கு மூலை கடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதைச் சரிசெய்ய, எலக்ட்ரான் எல்லாம் 350 அல்லது 450 கி.மீ. உயரத்தில் ஒரு மெல்லிய ஓடாக இருப்பதாகப் பாவித்துக்கொள்கிறோம். 350 கி.மீ. ஓட்டை எடுத்துக்கொண்டால், தொடுவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும் கோளுக்குச் சாய்வு அளவு செங்குத்து அளவைப் போல 1.75 மடங்கு.

இதே கணக்கைக் கொஞ்சம் நீட்டினால் சுவாரசியமான ஒன்று வரும். அந்த 30 டிகிரி சிக்னல் ஓட்டைத் துளைக்கும் இடம் நம்மிடமிருந்து தரைவழியாக சுமார் 535 கி.மீ. தள்ளி இருக்கிறது. சத்தியமங்கலம் வட அட்சம் 11.5 டிகிரியில் இருக்கிறது. வடக்கே பார்த்த சிக்னல் துளைப்பது கர்நாடகாவின் ராய்ச்சூர் பக்கம். தெற்கே பார்த்தால் கன்னியாகுமரியைத் தாண்டி நடுக்கடல். மேற்கே லட்சத்தீவுக் கடல், கிழக்கே நாகப்பட்டினத்துக்கும் அப்பால் வங்கக் கடல். மொட்டை மாடியில் இருக்கிற ஒரே ரிசீவர், தென்னிந்தியா முழுக்க வலை வீசுகிறது. 'சத்தியின் டி.இ.சி.' என்று ஒற்றை எண் சொன்னால், இந்தப் புள்ளிகளை எல்லாம் சராசரி போட்டு வந்ததாக இருக்கும்.

ஐரோப்பாவில் இந்தச் சராசரி பெரிய பாவம் இல்லை, அங்கே வானம் பெரும்பாலும் சீராக இருக்கும். நம்மிடம் அப்படி இல்லை. பகலில் கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் சேர்ந்து, காந்த நடுக்கோட்டுக்கு மேலே இருக்கும் பிளாஸ்மாவை உயரத் தூக்குகின்றன. தூக்கிய பிளாஸ்மா காந்தக்கோடுகள் வழியாக இரண்டு பக்கமும் வழிந்து இறங்குகிறது. ஒரு நீரூற்று மாதிரி. அதனால் நேர் கீழே, அதாவது திருநெல்வேலி பக்கம் ஒரு பள்ளம், வடக்கே அகமதாபாத், போபால் பக்கம் ஒரு மேடு. ஆப்பிள்டன் 1946-இல் இந்த விசித்திரத்தைக் கவனித்து எழுதினார், அதே ஆண்டில் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா காந்தப்புலத்தை வைத்து அதற்கு விளக்கம் தேடினார். நம்ம சத்தி பள்ளத்தின் ஓரத்தில் இருக்கிறது. வடக்கே பார்த்த சிக்னல் மேட்டின் ஏற்றத்தைப் பார்க்கிறது, தெற்கே பார்த்தது பள்ளத்தைப் பார்க்கிறது. ஒரே நிமிடத்தில், ஒரே ரிசீவரில், இரண்டும் வேறு வேறு எண்கள். இரண்டுமே சரி.

மேலிருந்து

செயற்கைக்கோள் அளவு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் மூன்று ஜாதி இருக்கிறது.

கடல் மட்டம் அளக்கும் கோள்கள் ஒன்று. 1992-இல் டோபெக்ஸ் பொசைடன், பிறகு ஜேசன் வரிசை. இவை 1336 கி.மீ. உயரத்திலிருந்து நேர் கீழே ரேடார் அடித்து, கடலில் பட்டுத் திரும்புவதை அளக்கின்றன. அயனி மண்டலத் தாமதத்தைக் கழிப்பதற்காகவே 13.6 கிகா ஹெர்ட்ஸ், 5.3 கிகா ஹெர்ட்ஸ் என்று இரண்டு அதிர்வெண் வைத்திருக்கிறார்கள். கடல் மட்டக்காரர்களுக்கு அது குப்பை, நமக்கு அதுதான் சரக்கு. செங்குத்தாகவே அளப்பதால் சாய்வுத் தொல்லை இல்லை, மெல்லிய ஓடு என்ற பாவனையும் வேண்டாம். இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் ஒரு யூனிட்டுக்கு வெறும் 2.2 மில்லி மீட்டர் தாமதம்தான் வரும் என்பதால் இரைச்சல் அதிகம், பாதை நெடுகப் பல அளவுகளைச் சேர்த்துச் சராசரி போட்டால்தான் உருப்படும். நிலத்தின் மேல் இது வேலைக்கு ஆகாது. முக்கியமாக, 1336 கி.மீ.க்கு மேலே இருப்பது இதற்குத் தெரியாது. ஜி.பி.எஸ். கோளோ 20,200 கி.மீ. உயரத்தில்.

இரண்டாவது ஜாதி ரேடியோ மறைவு முறை. 2006-இல் காஸ்மிக், 2019-இல் காஸ்மிக்-2, இரண்டிலும் ஆறாறு கோள்கள். தாழ்வாகச் சுற்றும் கோள் ஒன்று, அடிவானத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டிருக்கும் ஜி.பி.எஸ். கோளின் சிக்னலைப் பிடிக்கிறது. சிக்னல் அயனி மண்டலத்தைப் பக்கவாட்டில் சீவிக்கொண்டு போகும். மறைய மறைய, சீவும் உயரம் இறங்கும். இதிலிருந்து ஒவ்வொரு உயரத்திலும் எலக்ட்ரான் அடர்த்தி என்ன என்று பிரித்தெடுக்கிறார்கள். உயரவாரியான விவரத்தை உலகம் முழுக்க இப்படித் தருவது வேறு எதுவும் இல்லை. ஆனால் பிரித்தெடுக்கும் கணிதம் ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: ஒரே உயரத்தில், சுற்றுவட்டாரம் முழுக்க அடர்த்தி ஒன்றுதான் என்று. சிக்னல் ஆயிரக்கணக்கான கி.மீ. பக்கவாட்டில் போகிறது. அது வடக்கு தெற்காகப் போனால் ஒரே கோட்டில் கன்னியாகுமரிப் பள்ளமும் போபால் மேடும் வரும். இரண்டையும் சமம் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? மேடு கரையும், மேட்டின் அடியில் இல்லாத குகை முளைக்கும். இந்தக் குகைகள் நிஜமா, கணக்கின் கோளாறா என்று ஆய்வாளர்கள் விவாதித்து, பெரும்பங்கு கணக்கின் வேலை என்று காட்டியிருக்கிறார்கள். கிழக்கு மேற்காகப் போன சிக்னல்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது, கோள் தான் இருக்கும் இடத்தின் அடர்த்தியை மட்டும் தொட்டுப் பார்ப்பது. 1994 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம்ம ஸ்ராஸ்-சி2, பிறகு 2013-இல் ஐரோப்பாவின் ஸ்வார்ம் எல்லாம் இந்த வகை. அங்கே எத்தனை எலக்ட்ரான் என்று துல்லியமாகச் சொல்லும், மொத்தம் எவ்வளவு என்று அதனால் மட்டும் சொல்ல முடியாது.

தரையில் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது அயனோசோண்ட். கொடைக்கானலில் 1950-களிலிருந்தே இந்த வேலை நடந்திருக்கிறது. மேல்நோக்கி ரேடியோ அலை அனுப்பி எதிரொலி வாங்கும் கருவி. எதிரொலி தரும் மிக உயர்ந்த அதிர்வெண் 10 மெகா ஹெர்ட்ஸ் என்றால், உச்ச அடர்த்தி கன மீட்டருக்கு 1.24 லட்சம் கோடி எலக்ட்ரான். அந்த உச்சத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, அலை துளைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் 40 யூனிட் டி.இ.சி.யை இந்த உச்ச அடர்த்தியால் வகுத்தால் சுமார் 320 கி.மீ. என்று ஒரு 'தடிமன்' கிடைக்கும். அந்தத் தடிமன் திடீரென்று 900 என்று வந்தால், இரண்டு கருவியில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று பிடித்துவிடலாம். செலவில்லாத நல்ல சோதனை.

சரி, எப்படி ஒப்பிடுவது?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். தரை ரிசீவர் 46 யூனிட் என்கிறது, ஜேசன் 41 என்கிறது. '11 சதவீதப் பிழை' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போகிறவர்கள் நிறைய. அந்த 5 யூனிட்டில் 1336 கி.மீ.க்கு மேலே இருக்கும் பிளாஸ்மாஸ்ஃபியரின் பங்கு சில யூனிட் இருக்கலாம், அது பிழையே இல்லை. மீதியில் தரை ரிசீவரின் பயாஸ் இருக்கும், ஜேசனுக்கும் தனக்கென்று ஒரு நிலையான சாய்மானம் இருக்கும். இரவில் பாருங்கள். இரவில் கீழே உள்ள எலக்ட்ரான் வேகமாகக் குறையும், பிளாஸ்மாஸ்ஃபியர் அவ்வளவாகக் குறையாது. எனவே வித்தியாசம் யூனிட்டில் பெரிதாக மாறாமல், சதவீதத்தில் எகிறும். சதவீதத்தை மட்டும் பார்த்தால் 'இரவில் கருவி சரியில்லை' என்று தப்பான முடிவுக்குப் போவோம். வித்தியாசம் பகலிலும் இரவிலும் கிட்டத்தட்ட ஒரே யூனிட்டில் நின்றால் பயாஸையும் பிளாஸ்மாஸ்ஃபியரையும் சந்தேகப்படணும். பகலில் மட்டும் பெருத்தால், ஓட்டு உயரத்தையும் சாய்வுக் கணக்கையும் சந்தேகப்படணும்.

ஜேசன் கடலுக்கு மேலேதானே, நிலத்தில் இருக்கும் ரிசீவரோடு எப்படி ஒப்பிடுவது? மேலே போட்ட துளைப்புக் கணக்கு இங்கே கை கொடுக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உலக ஜி.என்.எஸ்.எஸ். சேவையின் நிலையம் ஒன்று இருக்கிறது, அதன் கோப்புகள் இணையத்தில் இலவசம். அங்கிருந்து 30 டிகிரி உயரத்தில் கிழக்கே பார்த்தால் சென்னையைத் தாண்டி வங்கக் கடல், மேற்கே பார்த்தால் மங்களூரைத் தாண்டி அரபிக் கடல். கப்பல் இல்லாமலே கடலுக்கு மேல் இரண்டையும் சந்திக்க வைக்கலாம். கிழக்கு மேற்குத் திசை என்பதால் பள்ளம் மேடு தொல்லையும் குறைகிறது.

இதனால் யாருக்கு என்ன?

விமானத்துக்கு. ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பி விமானத்தை ஓடுபாதைக்கு இறக்க வேண்டுமென்றால், பிழை எவ்வளவு என்பதோடு, 'இதற்கு மேல் போகாது' என்ற உத்தரவாதமும் வேண்டும். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்த ககன் இதைத்தான் தருகிறது. நாடு முழுக்க 15 தரை நிலையங்கள் அளந்து, திருத்தங்களைப் புவிநிலைக் கோள் வழியாக விமானத்துக்கு அனுப்புகின்றன. அமெரிக்காவின் வாஸ் அமைப்பில் ஒற்றை மெல்லிய ஓட்டை வைத்துக் காரியம் நடந்தது. நம்ம வானத்தில் மேடும் பள்ளமும் பக்கம் பக்கமாக இருப்பதால் அது போதவில்லை. இஸ்ரோ பல அடுக்கு ஓடுகளைக் கொண்ட தனி மாதிரியை உருவாக்கியது. 2013 டிசம்பரில் முதல் சான்றிதழ், 2015 ஏப்ரலில் தரையிறங்கும் அணுகுமுறைக்கான சான்றிதழ். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ககனை வைத்து இறங்கியது. தரை நிலையங்கள் எல்லாம் நிலத்தில்தான். கடலுக்கு மேலே என்ன நடக்கிறது என்று சரிபார்க்க, மேலிருந்து எண்ணுகிறவர்கள் தேவைப்படுகிறார்கள்.

ஈ.சி.ஈ. பசங்க யாராவது இதை ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக எடுப்பதாக இருந்தால், விலை உயர்ந்த ரிசீவர் வேண்டியதில்லை. பெங்களூரு நிலையத்தின் ரைனெக்ஸ் கோப்பு, அதே நாளின் அயனெக்ஸ் உலக வரைபடம், ஜேசன்-3 கடந்துபோன பாதை, இந்த மூன்றும் போதும். அயனெக்ஸ் வரைபடத்தின் கட்டம் அட்சத்தில் 2.5 டிகிரி, தீர்க்கத்தில் 5 டிகிரி என்பதை மறக்காதீங்க. சத்திக்கும் கோயம்புத்தூருக்கும் அதில் வித்தியாசம் தேடினால் கிடைக்காது. மார்ச் அல்லது செப்டம்பரில், காந்தப்புயல் இல்லாத நாளாக ஒன்றை எடுங்க. அந்த மாதங்களில் சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்திலேயே பிளாஸ்மா குமிழிகள் கிளம்பி சிக்னலைச் சிதறடிக்கும், ஃபேஸ் அளவு நடுவில் அறுந்து அறுந்து தொடங்கும். முதல் முறை காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரைக்கும் மட்டும் போட்டுப் பாருங்க. ராத்திரியை இரண்டாவது செமஸ்டருக்கு வெச்சுக்கலாம்.